எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

பினாங்கில் இருக்கும் என் மச்சானுக்கு, ஸலாம்.

இங்கே இன்னும் மழை இல்லை. டவுனுக்குள் ஓலைக்கூரை கூடாதென்று புதுச் சட்டம் போட்டு, நம் தெருவையே காலி செய்ய வைத்துவிட்டார்கள். எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் குடிசை போட்டோம். "டவுன்காரன் தள்ளிவிட்ட சனத்துக்கெல்லாம் எங்க கெணத்துல தண்ணி கெடையாது" என்று அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். பழைய தெருக் குழாய்க்குக் குடத்தோடு போனேன். "நீங்கதான் இப்ப டவுன் ஆளு இல்லையே" என்று திருப்பி அனுப்பினார்கள். குட்டைத் தண்ணீரைத்தான் குடித்தோம்.

நீங்கள் அனுப்பிய பூப்போட்ட துணியைப் பக்கத்துக் குடிசை காதர் பீவியின் மகளுக்குத் தைத்துக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் நம் சர்புன்னிசா வயதுதான், அளவு சரியாக இருந்தது. கோபப்படாதீர்கள்.

வாந்திபேதி கண்ட அன்று நம் பிள்ளை, "தண்ணி தாம்மா, இம்புட்டு போதும்" என்று மட்டும்தான் கேட்டாள். அந்தக் குட்டைத் தண்ணீரையேதான் கொடுத்தேன்.

டவுன் மையவாடியில் அடக்கினோம். அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

அவளுக்கு ஓட்டு வீடு கட்டத்தானே கப்பலேறினீர்கள். இனி ஓடு வேண்டாம். வந்துவிடுங்கள், மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி