நீலமும் பழுப்பும்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான் நலம். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து வரிக்கு வரி சரிபார்க்கிறாள். ஆகவே பொய்க்கு இடமில்லை.

ஆஸ்துமாவுக்கு டாக்டர் எனக்கு இரண்டு இன்ஹேலர் கொடுத்தது உனக்குத் தெரியும். மரத்தூள் ஆகாது என்றார். தச்சனிடம் சொல்லும் பேச்சா இது! நீல நிறத்தது மூச்சு முட்டும்போது, பழுப்பு நிறத்தது தினமும் இரண்டு வேளை. நீலத்தை அடித்தால் ஐந்து நிமிடத்தில் நெஞ்சு திறக்கும். பழுப்பை அடித்தால் ஒன்றுமே நடக்காது. வேலை செய்யாத ஆளைப் பட்டறையில் வைத்துக்கொள்வேனா? நிறுத்திவிட்டேன். இவள் கேட்டால் 'ஆச்சு, ஆச்சு' என்பேன். நீலம் மட்டும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை.

மூன்று வாரத்துக்கு முன்னால், லிஃப்டில் நுழையாத ஓர் அலமாரியை நானும் பட்டறைக் கூட்டாளியும் நாலாவது மாடிக்குப் படியில் தூக்கினோம். மூன்றாவது மாடித் திருப்பத்தில் எனக்கு மூச்சு நின்றேபோனது. நெஞ்சுக்குள் பூனைக்குட்டிகள் கத்தின. நீலத்தை அடித்தேன், வெறும் காற்று. தீர்ந்துபோயிருந்தது! அந்த நேரம் பார்த்து அலமாரி சுவருக்கும் கைப்பிடிக்கும் நடுவே சிக்கிக்கொண்டது. நான் மேலே, அவன் கீழே. அலமாரிக் கதவைத் திறந்து, பின்பலகையை உதைத்து உடைத்து, அலமாரி வழியாகவே என்னை இழுத்து எடுத்தான். நான் ஆணி அடித்த பலகை ஒரே உதையில் உடைந்ததே என்று எனக்கு அவமானம். உடையாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இவள் கேட்கிறாள்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி, மருந்தைப் புகையாக ஏற்றினார்கள். மூச்சு வந்ததும் நர்ஸம்மா, "இன்ஹேலர எப்படி அடிக்கிறீங்க, காட்டுங்க" என்றார். வாயைத் திறந்து, கண்ணை மூடி, நாக்கில் அடித்துக் காட்டினேன். "அண்ணே, இது வாய்க்கு அடிக்கிற சென்ட்டா?" என்றார். வார்டே சிரித்தது.

பிறகு புரியவைத்தார். என் மூச்சுக்குழாய் உள்ளே வீங்கிக் கிடக்கிறதாம். மழையில் ஊறி இறுகிய கதவு மாதிரி என்று நானே விளங்கிக்கொண்டேன். நீலம் கதவைத் தோள் கொடுத்துத் தள்ளித் திறக்கிறது. ஊறல் அப்படியே இருக்கும். பழுப்புதான் வாரக்கணக்கில் ஊறலை வற்றவைக்கிறது. "ஒண்ணும் நடக்கலன்னா, அதுதாண்ணே அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார்.

இப்போது இன்ஹேலரை நன்றாகக் குலுக்கி, ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக மெதுவாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடிக்கிறேன். எண்ணுவது இவள், கோபமாக இருந்தால் பதினைந்து வரை போகிறாள். பழுப்பு அடித்ததும் வாயைக் கொப்பளிக்க வேண்டும். அந்தச் சத்தத்தைக் கேட்டு, தண்ணீர் மோட்டார் ரிப்பேரா என்று கீழ்வீட்டுக்காரர் வந்து விசாரித்தார். பட்டறையில் முகக்கவசம் போடுகிறேன். நீலத்தைத் தொட்டுப் பதினோரு நாள் ஆகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை இந்தக் கதையைப் போனில் சுருக்கமாகச் சொன்னபோது நீ சிரித்தாய். சிரிப்புக்கு நடுவே இரண்டு முறை மூச்சு வாங்க நின்றாய். "அடுப்புப் புகைடா" என்றாய். டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு வருடமாக நானும் இப்படித்தான் எல்லோரிடமும் "மரத்தூள்தான்" என்றேன், அக்கா.

இந்த வாரமே ஒரு டாக்டரிடம் காட்டு. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. நீ என்னை மூச்சு விடாமல் திட்டுவதைக் கேட்க வேண்டும்.

உன் அன்புத் தம்பி