நாளைக்கு நீ வர வேண்டாம்

10 ஜூன் 1957, திங்கள்

காலையிலிருந்தே தலைவலி. காஜா பெராங் சாலை முழுக்கச் சேறு. சேலைக் கரை நனைந்து, பள்ளிக்குள் நுழையும்போதே எனக்கு எரிச்சல். முதலாம் படிவத்துக்கு இன்று முழு எழுவாய், முழுப் பயனிலை ஆரம்பித்தேன். யாரைப் பற்றிப் பேசுகிறோம், அவரைப் பற்றி என்ன சொல்கிறோம் – இந்த இரண்டையும் கேட்டுக்கொண்டு நடுவில் ஒரு கோடு போடு, அவ்வளவுதான் என்றேன். பலகையில் எழுதிய ஆங்கில வாக்கியத்தைத் தமிழில் சொன்னால்: சிவப்புக் குடை வைத்திருந்த அந்தக் கிழவர் பசாருக்கு நடந்து போனார். பாதிப் பேர் ‘கிழவர்’ என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் வட்டம் போட்டு நீட்டினார்கள். “அப்ப குடைய யாரு பிடிக்கிறது, நானா?” என்று கத்தினேன். தமிழ்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். அவர்களைப் பார்த்துச் சீனப் பிள்ளைகளும் சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். போன வருடம் என் ஆசிரியர் பயிற்சிச் செய்முறைத் தேர்வில், நான் பாடம் நடத்தும்போது, ஒரு பையன் எழுந்து ஏதோ கேட்டான். தேர்வாளர் எதிரில் எனக்கு வாயடைத்துப் போனது. தேறவில்லை என்று எழுதிவிட்டார்கள். வார நாளெல்லாம் பாடம் நடத்திவிட்டு, சனி ஞாயிறு பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்து, மூன்று வருடம் மாடாய் உழைத்ததற்கு அதுதான் பலன். இந்த முறையும் தவறினால் தற்காலிக ஆசிரியை என்ற பெயர்கூட மிஞ்சாது. அண்ணி செகாமட்டில் ஒரு வரன் பார்த்து வைத்திருக்கிறாள். மனைவியை இழந்தவர், இரண்டு பிள்ளைகள். “வேல போச்சுன்னா இத விட நல்ல எடம் எங்க வரும், சீதா?” என்கிறாள். அண்ணன் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

12 ஜூன், புதன்

நஜ்முன்னிசா இன்று என் மானத்தை வாங்கிவிட்டாள்.

துணிக்கடை காதர் மைதீனின் மூத்த பெண். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். வகுப்பில் ஆங்கிலம்தான் பேச வேண்டும் என்று விதி, ஆனால் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் தமிழில்தான் வரும். ‘மரத்தடியில் நின்றது ஒரு மாடு’ என்று ஒரு வாக்கியத்தை எங்கிருந்தோ பிடித்து வந்து, “இதுல யாரப் பத்திப் பேசுறோம் டீச்சர், மரத்தையா மாட்டையா? மாடு கடைசில வருதே, அப்ப கோடு எங்க போடுறது?” என்றாள்.

“அதெல்லாம் பரீட்சைக்கு வராது, உக்காரு” என்றேன். உட்கார்ந்தாள். முகம் வாடவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கோபம். யோசித்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆசிரியர் அறையில் இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். எனக்குப் பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை.

23 ஜூன், ஞாயிறு

தேர்வுப் பாடத்துக்கு ஒரு யோசனை பிடித்துவிட்டேன். தடித்த அட்டையில் வாக்கியங்களை எழுதி, எழுவாய் ஒரு துண்டு, பயனிலை ஒரு துண்டு என்று வெட்டிவிட வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டு. தன் மறுபாதி யாரிடம் இருக்கிறது என்று தேடிப் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும். வகுப்பில் இரட்டைப்படை எண்ணிக்கை, யாரும் தனியாக நிற்க மாட்டார்கள். அண்ணியின் தையல் கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். முனை மழுங்கிவிட்டது என்று சாயங்காலம் வரைக்கும் புலம்பினாள். புலம்பட்டும்.

24 ஜூன், திங்கள்

அட்டை ஆட்டத்தை ஒத்திகை பார்த்தோம். நஜ்முன்னிசாவுக்கு மறுபாதி கிடைத்ததும், துள்ளிக்கொண்டு வந்து என்னிடம் காட்டினாள். வந்த வேகத்தில் இன்னொரு கேள்வி. இந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

1 ஜூலை, திங்கள்

செய்முறைத் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது. 17ஆம் தேதி, புதன்கிழமை.

15 ஜூலை, திங்கள்

தலைமையாசிரியர் நல்லையா கூப்பிட்டு அனுப்பினார். யாழ்ப்பாணத்துக்காரர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

“பிள்ளை, புதனுக்கு அந்தக் கேள்வி கேக்கிற பெட்டையை வீட்டில நிக்கச் சொல்லுங்கோ. போன முறை உங்களைக் கவிழ்த்தது ஒரு கேள்விதானே?”

“அது எப்படி சார்…”

“எல்லாரும் செய்யிறதுதான். ஒரு நாள்தானே. நான் சொன்னனெண்டு மட்டும் சொல்லாதையுங்கோ.”

செய்யலாமா? ஒரு நாளில் அவளுக்கு என்ன கெட்டுவிடும்? எனக்குத்தான் எல்லாம் கெட்டுவிடும்.

16 ஜூலை, செவ்வாய்

சொல்லிவிட்டேன். பள்ளி விட்டதும் தண்ணீர்க் குழாய் பக்கம் தனியாகக் கூப்பிட்டேன்.

“உனக்கு உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு. நாளைக்கு நீ வர வேண்டாம்.”

“எனக்கு ஒண்ணும் இல்லையே டீச்சர்.”

“சொன்னா கேளு. வீட்ல கேட்டா, டீச்சர்தான் வீட்ல இருக்கச் சொன்னாங்கன்னு சொல்லு.”

“நாளைக்கு அட்டை ஆட்டம் இருக்குல்ல டீச்சர்?”

“அடுத்த வாரம் மறுபடி ஆடலாம். போ.”

என்னையே பார்த்தாள். அப்புறம் பையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு வந்தேன்.

17 ஜூலை, புதன்

முடிந்தது.

தேர்வாளர் ஒரு வெள்ளைக்கார அம்மா. ஜொகூரிலிருந்து வந்தவர், பின் வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. அட்டைகளைக் கொடுத்தேன், பிள்ளைகள் எழுந்து ஓடி ஜோடி சேர்ந்தார்கள். கடைசியில் லிம் மட்டும் வகுப்பு நடுவில் தனியாக நிற்கிறான். கையில் ‘பசியோடு இருந்த அந்தப் பெரிய யானை’. அதன் மறுபாதி என் மேசைமேல் அநாதையாகக் கிடக்கிறது. அடி பாவி! ஒருத்தியை வீட்டில் நிறுத்தினால் ஒரு துண்டு மிஞ்சும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை. முந்தாநாளிலிருந்து என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது?

அந்த அம்மாவே எழுந்து வந்தார், அட்டையை எடுத்தார். ‘தோட்டத்து வாழைப்பழம் முழுவதையும் தின்றுவிட்டது’ என்று உரக்கப் படித்துவிட்டு லிம் பக்கத்தில் போய் நின்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். இது யாருடையது என்று கேட்டார். உடம்பு சரியில்லாமல் ஒரு மாணவி வரவில்லை என்றேன். தடுமாறாமல் சொன்னேன். என் ஆங்கிலம் இவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் வந்ததில்லை.

18 ஜூலை, வியாழன்

நஜ்முன்னிசா இன்றும் வரவில்லை. ஒரு நாள்தானே சொன்னேன்?

22 ஜூலை, திங்கள்

இன்றும் இல்லை. ஜன்னலோரம் காலியாக இருக்கிறது. நிஜமாகவே காய்ச்சலோ என்னவோ. நான் சொன்ன பொய் பலித்துவிட்டதா?

25 ஜூலை, வியாழன்

காதர் மைதீன் பள்ளிக்கு வந்தார். மகளின் பெயரை எடுத்துவிட வேண்டும், விலகல் சான்றிதழ் வேண்டும் என்று அலுவலகத்தில் கேட்டுவிட்டு, என்னைத் தேடி ஆசிரியர் அறை வாசல்வரை வந்தார். உள்ளே வரவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தரையைப் பார்த்தபடியே பேசினார்.

“டீச்சரம்மா, பெரிய உபகாரம் பண்ணீங்க. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.”

“என்ன சொல்றீங்க பாய்?”

“வீட்ல அம்மாவும் மகளும் சேந்து எங்கிட்ட மறைச்சிட்டாங்க. நீங்க பொம்பள, பாத்ததுமே புரிஞ்சுக்கிட்டீங்க. வெளிய தெரியாம, பக்குவமா, வீட்ல இருக்கச் சொல்லி அனுப்பி வச்சீங்க. டீச்சர் இப்படிச் சொன்னாங்கன்னு புள்ள வந்து சொன்னப்பவே எனக்கு வெளங்கிருச்சு. கேட்டேன். பீவியால இல்லேன்னு சொல்ல முடியல.”

முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. வயதுக்கு வந்த பெண்ணை அவர்கள் வெளியே அனுப்புவதில்லை. பெண் பிள்ளையைப் பெண் டீச்சர் ‘உடம்பு சரியில்லை, வீட்டில் இரு’ என்று அனுப்பினால், அந்த வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம்தான். என் பொய் நேராகப் போய் ஒரு நிஜத்தின்மேல் விழுந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அந்தச் சொல்லுக்கு அதே அர்த்தம்தானே! எனக்கு ஆனபோது அம்மா பத்துப் பேரைக் கூப்பிட்டு விருந்து வைத்தாள். இதெல்லாம் தெரியாதவளா நான்?

“படிக்கிற புள்ள பாய்,” என்றேன்.

“தெரியும் டீச்சரம்மா. நான்தான கையப் புடிச்சு இங்க கொண்டாந்து சேத்தேன்? ஆனா நாலு பேரு கேப்பாங்க. நாளைக்கு அவளுக்கு ஒரு வாழ்க்கை வேணும்ல?” என்றார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. கெட்ட மனுஷர் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். ஒரு ரவிக்கைத் துணிப் பொட்டலத்தை வாசலோரப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

27 ஜூலை, சனி

பயிற்சி வகுப்பு முடிந்ததும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கடைக்குப் பின்னால், மாடிப்படி ஏறி. காதர் மைதீன் கடையில் இருந்தார், அவர் மனைவி பீவிதான் கதவைத் திறந்தாள். என் வயதுதான் இருப்பாள், நாலு வயது கூட இருக்கலாம். பாயை விரித்து உட்காரச் சொன்னாள். கோபமாகப் பேசினால் தேவலை என்று நினைத்தேன். பேசவில்லை.

“நோன்புக்கு முன்னாடியே ஆயிருச்சு டீச்சரம்மா. யாருக்கும் சொல்லல. மூணாவது படிவம் முடிக்கிற வரைக்கும் எப்படியாச்சும் மறைச்சிரலாம்னு இருந்தேன். நான்தான் எழுத்து வாசன இல்லாமப் போயிட்டேன், அவளாச்சும்னு… உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

“தெரியாது பீவி.”

“தெரியாமலா சொன்னீங்க?”

சொல்லிவிட்டேன். தேர்வு, கேள்வி, பொய், எல்லாம். முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“அவ கேள்வி கேப்பாங்கிறதுக்காகவா?” என்றாள் கடைசியில்.

கீழே போய் உங்கள் வீட்டுக்காரரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அல்லாவே, சொல்லிராதீங்க! ஆனது ஆனதுதான், இனி அவர் அனுப்ப மாட்டாரு. டீச்சரே பொய் சொல்வாங்கன்னு தெரிஞ்சா சின்னவளையும் நிறுத்திருவாரு. அவளுக்கு இன்னும் ஒண்ணு ரெண்டு வருஷமாச்சும் இருக்கு.”

சின்னவள் மும்தாஜ் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறாம் வகுப்பு, அடுத்த வருடம் முதலாம் படிவம். நஜ்முன்னிசா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். தலையில் முக்காடு. அம்மாவிடம் நான் சொன்னதைக் கேட்டாளா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை.

“டீச்சர், அட்டை ஆட்டம் நல்லா நடந்துச்சா? என் அட்டைய யாருக்குக் குடுத்தீங்க?”

“யாருக்கும் குடுக்கல.”

“மாடுதான டீச்சர் எழுவாய்? கடைசில வந்தாலும் மாட்டப் பத்தித்தான பேசுறோம்? வீட்ல உக்காந்து யோசிச்சுப் பாத்தேன்.”

ஆமாம் என்றேன். கீழே இறங்கும்போது கடை வழியாகத்தான் வர வேண்டியிருந்தது. காதர் மைதீன் எழுந்து நின்று சலாம் வைத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன்.

31 ஆகஸ்ட், சனி

மெர்டேக்கா, சுதந்திர நாள். அண்ணன் எங்களைப் பாடாங் திடலுக்கு அழைத்துப் போனார். புதுக் கொடி, வாண வேடிக்கை, பள்ளிப் பிள்ளைகளின் அணிவகுப்பு. எல்லாரும் கத்தினார்கள், நானும் கத்திப் பார்த்தேன். கூட்டத்தில் காதர் மைதீன், தோளில் ஒரு பையன், கையில் மும்தாஜ். “பெரியவ?” என்று கேட்டுவிட்டேன். “வீட்ல இருக்கா டீச்சரம்மா. வாணம் மாடி ஜன்னல்லேர்ந்து தெரியும்ல” என்றார். தெரியுமா? நடுவில் எத்தனை கூரை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அண்ணி கால்வலி என்று நினைத்துத் தைலம் கொண்டுவந்தாள்.

14 அக்டோபர், திங்கள்

தேறிவிட்டேன். மாணவரை ஈடுபடுத்தும் விதம் மிக நன்று என்று குறிப்பு எழுதியிருக்கிறார் அந்த அம்மா. நல்லையா சார் கை குலுக்கினார். அண்ணி கேசரி கிண்டினாள், செகாமட் பேச்சை எடுக்கவில்லை. என் பங்கை அண்ணன் தட்டில் தள்ளிவிட்டேன். ரவிக்கைத் துணி இன்னும் பொட்டலம் பிரிக்காமல் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது.

6 ஜனவரி 1958, திங்கள்

புது முதலாம் படிவம். நான் இப்போது நிரந்தரம். மூன்றாவது வரிசை, ஜன்னலோரம் மும்தாஜ் உட்கார்ந்திருக்கிறாள். அவளாகவே அந்த இடத்துக்குப் போனாள்.

13 பிப்ரவரி, வியாழன்

இன்று அட்டை ஆட்டம் வைத்தேன். அதே அட்டைகள்தான். மும்தாஜ் எழுந்து நடக்கும்போதே தள்ளாடினாள். கையைத் தொட்டால் கொதிக்கிறது. நிஜமான காய்ச்சல், கண்ணெல்லாம் சிவந்திருக்கிறது.

“மும்தாஜ், வீட்டுக்குப் போ. கூட ஆள் அனுப்புறேன்.”

மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“மாட்டேன் டீச்சர். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“சுடுதே, பாரு.”

“அக்கா சொல்லியிருக்கு. ஒடம்பு சரியில்ல, வீட்டுக்குப் போன்னு டீச்சர் சொன்னா மட்டும் போகாதேன்னு சொல்லியிருக்கு.”

வகுப்பு முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பின்னால் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். கைக்குட்டையை நனைத்து நெற்றியில் போட்டேன். அவள் அட்டையை நான் வைத்துக்கொண்டு, அதன் மறுபாதியோடு நின்ற பையன் பக்கத்தில் போய் நின்றேன். மணி அடித்து எல்லாப் பிள்ளைகளும் கிளம்பிய பிறகுதான், மற்றவர்களோடு ஒருத்தியாக, வழக்கமான நேரத்துக்கு அவளை வீட்டுக்கு அனுப்பினேன்.