பச்சை வட்டத்துக்குள் ஒரு வீடு

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசினால் சண்டையில் போய் முடியும் என்றுதான் எழுதுகிறேன்.

புதிய பஸ் தடங்களின் வரைபடத்தை வார்டு ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த வீட்டுத் தையல்காரி அதைப் போனில் படம் பிடித்து வந்து காட்டினாள். பச்சை பூசிய இடமெல்லாம் பஸ் வசதி உள்ள பகுதியாம். என் வீடு நட்ட நடுப் பச்சையில் இருக்கிறது. தயாரித்தவர் என்று அடியில் உன் பெயர்.

தம்பி, பஸ் நிறுத்தத்துக்கும் என் வாசலுக்கும் நடுவே எழுபத்தோரு படிகள். போன தடவை பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாயே, அதே படிகள்தான். விபத்து நடந்து, சக்கர நாற்காலி வந்து, இரண்டு வருஷமாகிறது. இதுவரை ஐந்து முறை கீழே இறங்கியிருக்கிறேன். ஐந்து முறையும் பக்கத்து வீட்டு ஆண்கள் பீரோவைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு போனார்கள். தங்கமான மனிதர்கள். எனக்குத்தான் கண்ணை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

கோபமில்லை. சரி, கொஞ்சம் கோபம்தான்.

அன்புடன்,
அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆபீஸில் வைத்துப் பிரித்துவிட்டேன். அப்புறம் வேலை ஓடவில்லை.

எங்கள் வரைபட மென்பொருளில் ஒவ்வொரு நிறுத்தத்தைச் சுற்றியும் நானூறு மீட்டருக்கு ஒரு வட்டம் போடுவோம். உள்ளே விழும் வீடெல்லாம் பச்சை. மேடும் படியும் அதற்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை. மன்னித்துக்கொள்.

ஆனால் தடத்தை மாற்றுவது என் கையில் இல்லை. மறுபடியும் கேட்கிறேன், எங்களோடு வந்து இருந்துவிடு. கீழ் அறையை ஒழித்து வைத்திருக்கிறோம். குளியலறைக் கதவைக்கூட அகலமாக்கியாயிற்று. அங்கே தனியாக எத்தனை நாள்தான் அடைந்து கிடப்பாய்?

உன்,
தம்பி

மார்ச் 20

தம்பிக்கு,

கதவை அகலமாக்கியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வரமாட்டேன். நான் உன்னிடம் அறை கேட்கவில்லை, பஸ் கேட்டேன்.

ஆஸ்பத்திரி டெலிபோன் வேலையை மே கடைசிவரை எனக்காக வைத்திருப்பதாகக் கண்காணிப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். போய்ச் சேருவதுதான் பாடு.

இன்னொன்று. எங்கள் வீடுகளுக்குப் பின்னால் படியில்லாத ஒரு சந்து இருக்கிறது, நாற்காலியை உருட்டி இறக்க முடியாத செங்குத்து. வாரம் மூன்று நாள் தண்ணீர் லாரி அதில்தான் ஏறி வருகிறது. உன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதில் அந்தச் சந்து இல்லை. லாரி ஏறுகிற இடத்தில் ஒரு சின்ன பஸ் ஏறாதா?

சும்மா இருக்க முடியவில்லை. அக்கம்பக்கத்தில் முப்பத்திநாலு வீட்டுக்கு போன் போட்டு, கடைசியாக எப்போது வெளியே போனீர்கள் என்று விசாரித்தேன். தையல்காரியின் மாமியார் தெருவைப் பார்த்து ஒன்றரை வருஷம். இரட்டைக் குழந்தைக்காரி ஒன்றை இறக்கிவிட்டு வந்து மற்றதைத் தூக்கிப் போகிறாள். எல்லாவற்றையும் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். படி.

அக்கா

ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

அன்றைக்கு நானும் என்னோடு வேலை பார்ப்பவரும் பின்சந்தின் அகலத்தை அளந்ததை நீ ஜன்னலிலிருந்து மேற்பார்வை பார்த்தாயே, அந்தச் சந்து இப்போது வரைபடத்தில் ஏறிவிட்டது. வட்டங்களை எடுத்துவிட்டேன். படியில்லாத வழியாகப் போனால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கணக்கிட வைத்தேன். உங்கள் வார்டின் பச்சையில் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. எல்லாம் நான் பூசிய பச்சை.

கூட்டத்தில் தலைமைப் பொறியாளர் சலித்துக்கொண்டார். "நாலு பேருக்காக மேட்டுல பஸ் விடச் சொல்றீங்களா?"

"நாலு பேர் இல்ல சார், புதுக் கணக்குப்படி அறுநூத்திப் பத்து பேர். அதுல ஒருத்தர் எங்கக்கா" என்றேன்.

சொந்தக்காரருக்குச் சிபாரிசு செய்கிறான் என்பார்களோ என்று உள்ளூரப் பயம். அவர் உன் விசாரணைத் தாள்களை வாங்கி, கடைசிவரை படித்தார். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வைத்த சிறிய பஸ் ஒன்றை மூன்று மாதம் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். மே 25 முதல்.

அக்கா, பஸ்ஸை நகர்த்துவதைவிட உன்னை நகர்த்துவது சுலபம் என்று நினைத்துவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு.

உன்,
தம்பி

ஜூன் 14

அன்புள்ள தம்பிக்கு,

வேலையில் சேர்ந்து பதினேழு நாளாகிறது. முதல் நாள் சாய்தளம் பாதியில் சிக்கிக்கொண்டது. டிரைவர் இறங்கி உதைத்துப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். பின்னால் ஒருவர் முணுமுணுத்ததும் தையல்காரி அவரைத் திரும்பிப் பார்த்தாள். அத்தோடு பஸ்ஸே அமைதி. மூன்று மாதத்துக்குப் பிறகும் ஓடுமா என்று டிரைவரிடம் தினமும் கேட்கிறேன். "ஆள் ஏறினா ஓடும்மா" என்கிறார். இன்றைக்குப் பதினொரு பேர் ஏறினோம்.

இதை உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவு நாளாயிற்றே, ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். வந்தால் பூட்டு. எதிர்வீட்டு அம்மா உனக்குப் போன் பண்ணட்டுமா, அதுவரை உள்ளே வந்து இருங்களேன் என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஒருவர் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, ஆளில்லை என்று திரும்பிப் போய் எத்தனை காலமாயிற்று! அதை எதற்குக் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

நாலரை பஸ்ஸுக்கு நேரமாகிறது. கதவடியில் இதைத் தள்ளிவிட்டுப் போகிறேன்.

அக்கா