ஒதிலியா நிறுத்தாமல் பாடிய மாலை

பிப்ரவரி 5, வியாழன்

ஆசை மகள் அராசெலிக்கு,

இங்கே நானும் உன் அப்பாவும் கோழிகளும் கந்தேலாரியா மாதாவின் தயவில் சுகமாக இருக்கிறோம், ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, கூரையும் இந்த வருடம் ஒழுகவில்லை. நீயும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் மூன்று நாளாக அதை என்னால் நம்ப முடியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே கடைசிப் பக்கத்துக்குத் தாவாதே, உன் புத்தி எனக்குத் தெரியும். ஃபோனில் சொன்னால் "சரிம்மா சரிம்மா" என்று வைத்துவிடுவாய், அதனால்தான் நீ வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்புகிற சாபேலாவின் மகன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். எனக்கு வந்த அதிர்ச்சி இன்னும் தெளியவில்லை, நேற்று சந்தையில் விற்க இலையில் வைத்து அவிக்கிற தமாலே மாவில் உப்புப் போட மறந்துவிட்டேன், வாங்கினவர்கள் ஒருவரும் திட்டக்கூட இல்லை, என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

உன்னிடம் மறைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்டோபரிலிருந்து எனக்கு வலது குதிகாலில் வலி. காலையில் கட்டிலை விட்டு முதல் அடி வைத்தால் ஆணி ஏறியதுபோல் உச்சிவரை போகும், பத்துப் பதினைந்து அடி நடந்தால் கொஞ்சம் விடும், சந்தையில் சற்று உட்கார்ந்து எழுந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆட்டச் செருப்பின் ஆணிதான் உள்ளே வந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஆணி செருப்புல இல்லடி, உன் வயசுல இருக்கு" என்றார். அன்றைக்கு அவருக்கு மீன் கிடையாது, வெறும் கறுப்பு பீன்ஸ்தான். அதற்குப் பிறகு எனக்கு ஒதிலியா மேல் சந்தேகம் வந்தது. தெருக்கோடி வீட்டு அதே ஒதிலியாதான், ஒரு காலத்தில் மாதா திருவிழாவில் என்னோடு ஜோடியாக முதல் ஆட்டம் ஆடியவள், ஆறு வருடம் முன்பு திடீரென்று பலகை மேடையை விட்டு இறங்கிப் பாட்டுக்காரர்கள் பக்கம் போய்விட்டாளே, நானும் அவளை ஆடியே விரட்டிவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அன்றிலிருந்துதான் பேச்சு இல்லை. கல்லறைத் திருநாளில் பூவோடு போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள், அப்படி உற்றுப் பார்த்தாள். கண் வைத்துவிட்டாள் என்று மந்திரிக்கிறவளிடம் போய்க் காலில் முட்டை தடவிக்கொண்டேன். கண் பட்டிருந்தால் உள்ளே கறுத்திருக்குமாம், உடைத்துப் பார்த்தால் நல்ல மஞ்சள் கரு, பொரித்துச் சாப்பிட்டிருக்கலாம்.

பிறகுதான் சுகாதார நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற டாக்டரம்மா உன் வயதுதான் இருப்பாள், கட்டை விரலால் குதிகாலை ஒரு அழுத்து அழுத்தினாள், நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த குழந்தைகள் அழ ஆரம்பித்துவிட்டன. ஆணியும் இல்லை கண்ணும் இல்லை, உள்ளங்காலைப் பிடித்திருக்கிற நார் வீங்கியிருக்கிறது என்றாள், நாளெல்லாம் சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு நின்று சமைப்பதும் குதிகாலால் பலகையை இடிப்பதும் சேர்ந்து செய்த வேலையாம். "படுத்துடாதீங்க, நடங்க, வேலை பாருங்க, ஆனா வீட்டுக்குள்ளயும் தடியான செருப்பு போடுங்க, இடிச்சு ஆடறத மட்டும் கொஞ்ச மாசம் விட்டுடுங்க" என்றாள். ஆடாதே என்பதைத் தவிர மற்றதெல்லாம் கேட்டேன். எழுந்திருக்கும் முன் துண்டால் விரல்களை என் பக்கம் இழுப்பேன், சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்காலை நீட்டுவேன், ஐஸாக உறைந்த பாட்டிலைப் பாதத்தின் கீழ் உருட்டுவேன், சந்தைக்கு நடக்காமல் படகு வலித்துப் போவேன். ஜனவரியில் பாதி வலி குறைந்தது. ஆனால் பிப்ரவரி இரண்டாம் தேதி முதல் ஆட்டம் என்னுடையது, பதினான்கு வருடமாக என்னுடையது, ஒரு வருடம் விட்டால் அப்புறம் அது வேறொருத்தியுடையது. இப்போது எனக்கு ஜோடியாக ஆடுகிற சாபேலாவிடம்கூட மூச்சு விடவில்லை. இதுதான் என் கடைசி ஆட்டமோ என்று நினைத்துக்கொண்டேதான் செருப்பை மாட்டினேன்.

மாதாவின் ஊர்வலம் முடிந்து வெயில் தாழ்ந்ததும் சாபேலாவும் நானும் மேடை ஏறினோம். பாட்டுக்காரன் சரணம் பாடும்போது வார்த்தை கேட்க வேண்டும் என்று காலை மெதுவாகத் தேய்த்து ஆடுவதும், சரணம் முடிந்ததும் குதிகாலால் இடியாக இடிப்பதும் உனக்குத் தெரியாததா. முதல் சரணத்தை ஒதிலியா பாடினாள். முடிந்தது, இடித்தேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பல்லைக் கடித்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். இரண்டாவது இடி வைப்பதற்குள் அவள் அடுத்த சரணத்தை எடுத்துவிட்டாள். அது முடிந்து நான் காலைத் தூக்குவதற்குள் அடுத்தது. அதற்கடுத்தது. ஏழு சரணம் அராசெலி, ஏழு, மூச்சு விடாமல். உன் அப்பா ஹரானா கிதாரை வாசித்துக்கொண்டே அவளை முறைக்கிறார், பக்கத்தில் இருந்தவர் "போதும்டியம்மா, அவங்கள ஆட விடு" என்கிறார், அவளோ கண்ணை மூடிக்கொண்டு பாடுகிறாள். கூட்டம் கைதட்டுகிறது. என்னை இடிக்கவே விடாமல் அத்தனை பேருக்கு முன்னால் என் ஆட்டத்தைத் திருடுகிறாள் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இறங்கியதும் நேராக அவளிடம் போனேன், ஆறு வருடத்தில் முதல் பேச்சு. "ஏண்டி, என் கால் சத்தம் ஊருக்குக் கேக்கக் கூடாதுன்னுதானே இப்படிப் பாடித் தொலைச்ச" என்றேன். அவள் தண்ணீர் குடித்துவிட்டுச் சாவகாசமாகச் சொன்னாள், "நீ மேடை ஏறும்போது முன்பாதத்தால ஏறின ஹெர்மிலா, குதிகால வைக்கவே இல்ல. எனக்கா தெரியாது? நான் பாடிக்கிட்டே இருந்தா நீ இடிக்க வேண்டாமே. எனக்கும் இதே வலிதான். நீ ஜெயிச்சதாலயா நான் ஆட்டத்த விட்டேன்னு நெனச்ச, லூசு." அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் வலியைத்தான் என் வெற்றி என்று ஊர் முழுக்க விற்றிருக்கிறேன், அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை, வெட்கமாம், நாற்பத்தைந்து வயதில் குதிகால் போய்விட்டது என்று சொல்ல. டாக்டரிடமும் போகவில்லை, ஆட்டத்தை விட்டு உட்கார்ந்துவிட்டாள், உடம்பு ஏறியது, வலி மட்டும் போகவில்லை. இப்போது காலையில் உறைந்த பாட்டிலோடு நம் வீட்டுக்கு வந்துவிடுகிறாள், ஆளுக்கொரு பாட்டிலை உருட்டிக்கொண்டு காபி குடிக்கிறோம், என் காபி தண்ணீராக இருக்கிறதாம், வந்த இரண்டாம் நாளே சொல்லிவிட்டாள். கால் ஆறி டாக்டரம்மா சரி என்று சொன்னதும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆட்டம் ஆடுவதாகப் பேச்சு, சரணத்தை நீட்டிப் பாடச் சொல்லி உன் அப்பாவுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது.

இனி உன் விஷயம். அன்று இரவு படுக்கும்போது அவள் சொன்னது மறுபடி காதில் விழுந்தது, முன்பாதத்தால ஏறின, குதிகால வைக்கவே இல்ல என்று. உடனே போன மாதம் நீ காலையில் எழுந்ததும் வீடியோவில் அழைத்தது கண் முன்னால் வந்தது. ஃபோனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கட்டிலிலிருந்து அடுப்புவரை விரல் நுனியில் நடந்து போனாய். பூனை மாதிரி போகிறாள் பார் என்று உன் அப்பா சிரித்தார், கூட இருக்கிற பெண்கள் எழுந்துவிடக் கூடாதென்று நடக்கிறாய், எவ்வளவு நல்ல பிள்ளை என்று நானும் பெருமைப்பட்டேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது அராசெலி. ஆப்பிள் கிடங்கில் பத்து மணி நேரம் சிமெண்ட் தரையில் நிற்கிறாய், ஒரு நாளாவது கால் வலிக்கிறது என்று சொன்னாயா? எனக்கு ஆகாதவள் ஒரே பார்வையில் என் காலைக் கண்டுபிடித்தாள், பெற்றவள் நான் பார்த்துக்கொண்டே சிரித்திருக்கிறேன்.

தடியான செருப்பு வாங்கு, நிற்கிற இடத்தில் ரப்பர் விரிப்புக் கேள், டாக்டரிடம் போ, எங்களைப் போல வீம்பு பிடித்து மறைக்காதே. மாதா உன்னைத் தலை முதல் கால்வரை காக்கட்டும், கால்வரை என்பதை இந்த முறை அழுத்திச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கட்டிலை விட்டு இறங்கும் முன்பே என்னைக் கூப்பிடு. ஃபோனைக் கீழே பிடி. முகத்தை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன், முதலில் குதிகாலைத் தரையில் வைத்துக் காட்டு.

உன்னைச் சரியாகப் பார்க்கத் தவறிய,
அம்மா ஹெர்மிலா