பெற்றோர் கையொப்பம்

ஜூலை 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமா? போன வாரம் போனில் நான் "பள்ளிக்கூடத்துல ஒரே தலைவலி" என்றேன். நீங்கள் "மாத்திரை போட்டுப் படு" என்றீர்கள். உங்கள் காதோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

என் தலைவலி மருந்துக்கடை வைத்திருக்கிறது. ஆசிரியர் அறையில் அவருக்கு 'அரை மார்க்' என்று பெயர். அவர் மகள் என் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். ஒரு விடையில் சென்டிமீட்டர் என்று போட மறந்துவிட்டாள், அரை மார்க் குறைத்தேன். அவ்வளவுதான் நான் செய்த பாவம். பள்ளி திறந்து ஒரு மாதத்தில் நான்கு கடிதம். நேற்று நேரிலேயே வந்துவிட்டார்.

"டாக்டர் சீட்டுல மில்லிகிராம்னு எழுத மறந்தா நான் மருந்து குடுக்காமயா இருக்கேன் டீச்சர்?"

"அப்படிக் குடுத்தீங்கன்னா உங்க கடைப்பக்கமே நான் வரமாட்டேன் சார்."

மனுஷன் சிரிக்கவில்லை. அந்தப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று பை வாரில் நூல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. நான் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எடைக்கல் பெட்டியும் கையுமாக வந்து கணக்கு சார் முன்னால் உட்கார்வீர்களே! நான் பெஞ்சுக்கு அடியில் பேனா தேடுவேன். பேனா கையில்தான் இருக்கும். பிறகு அந்த வருடம் பாதியிலேயே திடீரென்று வருவதை நிறுத்திவிட்டீர்கள். ஏன் என்று நான் கேட்டதே இல்லை, கேட்டால் மறுபடி வந்துவிடுவீர்களோ என்ற பயம். இப்போது கேட்கிறேன். இந்த ஆள் எப்போது நிறுத்துவார்? நீங்கள் அனுபவஸ்தர், சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு

ஜூலை 11

அன்புள்ள வாலுவுக்கு,

கடிதம் கிடைத்தது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது, உன் போன்தான் சரியில்லை. இதை எழுதும்போது உன் அம்மா பக்கத்தில் நின்று சிரிக்கிறாள். அதைப் பொருட்படுத்தாதே.

அந்த மருந்துக்கடைக்காரரைக் கேலி செய்யாதே. முப்பத்திரண்டு வருடம் கடை கடையாக ஏறித் தராசையும் எடைக்கல்லையும் சோதித்தவன் நான். ஒரு கல்லில் ஒரு கிராம் குறைந்தாலும் பறிமுதல்தான். அரை மார்க் உங்களுக்கெல்லாம் அலட்சியம். பெற்றவனுக்கு அப்படி இல்லை. நான் பதினோரு முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் உன் கணக்கு சார் எழுந்து நிற்பார், மரியாதை தெரிந்தவர்.

ஏன் நிறுத்தினேன் என்று கேட்டிருக்கிறாய். வேலை கூடிவிட்டது, வேறொன்றும் இல்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. அம்மா கேட்கச் சொன்னாள்: இளைத்துவிட்டாயா?

அன்புடன்,
அப்பா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

இளைக்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியவில்லை. தாள் திருத்தும்போது அந்தப் பெண்ணின் தாள் வந்தால் எழுந்து தண்ணீர் குடிக்கப் போகிறேன். திரும்பி வருகிறேன். ஜன்னலைச் சாத்துகிறேன், மறுபடி திறக்கிறேன். அவள் தாள் அங்கேயே கிடக்கிறது.

அரை மார்க் இப்போது தலைமையாசிரியையிடமும் போய்விட்டார். கல்வி அலுவலகத்துக்கும் ஒரு நகல். தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "உங்க மேல தப்பு இல்லம்மா. இருந்தாலும் கொஞ்சம் அனுசரிச்சுப் போங்களேன்" என்றார்.

அனுசரித்துவிட்டேன் அப்பா.

போன தேர்வில் அவள் ஏழாவது கணக்கைத் தப்பாகப் போட்டிருந்தாள். நான் அதற்கு 'சரி' போட்டேன். கை தானாகப் போட்டது என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் தானாகப் போடவில்லை. பார்த்தேன், யோசித்தேன், போட்டேன். அதற்கு முன்பும் இரண்டு தேர்வில் அங்கங்கே ஒன்று, இரண்டு. பத்து நாளாக அவரிடமிருந்து கடிதமே இல்லை. அந்த நிம்மதியை நினைத்தால்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உங்களைத் தவிர யாரிடமும் இதைச் சொல்லவில்லை. திட்டுவதாக இருந்தால் திட்டிவிடுங்கள்.

உங்கள்,
வாலு

ஆகஸ்ட் 8

மகளுக்கு,

என்ன காரியம் செய்துவிட்டாய்! உடனே திருத்து. அந்தப் பெண் கண்டுபிடிப்பதற்கு முன்னால் திருத்து. அவள் கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய்? நாளை, மறுநாள் என்று தள்ளாதே. தள்ளினால் பிறகு வாய் வராது. எனக்குத் தெரியும்.

அப்பா

ஆகஸ்ட் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்குள் அவள் வந்துவிட்டாள்.

மதிய இடைவேளை. வகுப்பில் யாரும் இல்லை. நான் கரும்பலகை அழித்துக்கொண்டிருந்தேன். கதவருகே நின்று தாளை நீட்டினாள்.

"டீச்சர், ஏழாவது கணக்கை நான் வேணும்னே தப்பாப் போட்டேன்."

"ஏம்மா?"

"நீங்க பாக்கறீங்களான்னு பாக்கத்தான். அப்பா கடிதம் எழுத ஆரம்பிச்சதுல இருந்து எனக்கு மார்க் கூடிக்கிட்டே போகுது. நான் ஒண்ணும் கூடப் படிக்கல."

அவள் அழக்கூட இல்லை. "அப்ப இதுல எது என்னோட மார்க், டீச்சர்?" என்று மட்டும் கேட்டாள். மணி அடித்தது, பிள்ளைகள் உள்ளே வந்துவிட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் இப்போதெல்லாம் வகுப்பில் கையே தூக்குவதில்லை.

இந்த வேலைக்கே நான் லாயக்கில்லை என்று தோன்றுகிறது. ராஜினாமாக் கடிதம் எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கொடுப்பதற்கு முன் ஒருவரைப் பார்த்துவிட வேண்டும், என் கணக்கு சாரை. பதினோரு முறை நீங்கள் போய் உட்கார்ந்தும் அவர் வளையவில்லையே! எட்டாம் வகுப்பு அரையாண்டில் அவர் போட்ட தொண்ணூற்றேழுதான் என்னைக் கணக்குப் பக்கம் திருப்பியது. அந்த விடைத்தாளை நான் தொலைத்துவிட்டேன் என்று ஒரு பாடவேளை முழுக்க என்னை நிற்க வைத்தார், அதுகூட எனக்குக் கோபமில்லை. உங்களைப் போன்ற ஓர் அப்பாவை அவர் எப்படிச் சமாளித்தார் என்று கேட்க வேண்டும்.

அவர் முகவரி உங்களிடம் இருக்கிறதா? சீக்கிரம் எழுதுங்கள்.

உங்கள்,
வாலு

செப்டம்பர் 1

என் அன்பு மகளுக்கு,

முகவரி என்னிடம் இருக்கிறது. ஆனால் நீ அவரைப் பார்க்கப் போவதற்கு முன் இதோடு வைத்திருக்கும் தாளைப் பார்.

நீ அதைத் தொலைக்கவில்லை. நான்தான் எடுத்து வைத்தேன். கையெழுத்துக்காக நீ கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு வழக்கம்போல ஒவ்வொரு கணக்கையும் நானும் போட்டுப் பார்த்தேன், அரை மார்க் எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று. மூன்று கணக்கு தப்பு. மூன்றுக்கும் சார் முழு மார்க் போட்டிருந்தார். பதினாறு மார்க். உன் மார்க் எண்பத்தொன்று. நீ மொத்தத்தை மட்டும் பார்த்துவிட்டு வீடு முழுக்கக் குதித்துக்கொண்டிருந்தாய்.

அவர் எழுந்து நின்றது மரியாதையால் அல்ல, என்னைப் பார்த்துப் பயந்து. அன்றைக்குத்தான் புரிந்தது. நான் பார்க்கும்போது எந்தக் கடைக்காரனும் குறைத்து நிறுக்கமாட்டான். எனக்கென்றால் ஒரு கை கூடவே அள்ளிப் போடுவான். அதனால்தான் வீட்டுச் சாமான் வாங்க எப்போதும் உன் அம்மாவையே அனுப்பினேன். கடைக்கு நான் போகக்கூடாது என்று தெரிந்த எனக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகக்கூடாது என்று தெரியவில்லை.

தப்பான கல்லைப் பார்த்தால் அந்த இடத்திலேயே பறிமுதல் செய்தவன், அந்தத் தாளை மடித்து பீரோவில் வைத்தேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. கையெழுத்துப் போடவும் கை வரவில்லை. நீ வகுப்பில் நின்றது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன்.

அந்தப் பெண் கேட்ட கேள்வியை நீ கேட்க வேண்டியது என்னிடம். என்னை மன்னித்துவிடு என்று எழுதுகிறேன். மன்னிக்க முடியாவிட்டாலும் பதில் எழுது.

அப்பா

செப்டம்பர் 24

அப்பாவுக்கு,

மூன்று வாரம் நான் எழுதவில்லை. அம்மா போனில் "உங்கப்பா தபால்காரர் வர்ற நேரத்துக்கு வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டே இருக்கார்" என்றாள். நடக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு கோபம். என் வாழ்க்கையையே அந்தத் தொண்ணூற்றேழின் மேல் கட்டியிருக்கிறேனே! கரும்பலகை முன்னால் நின்றால், இங்கே நிற்க எனக்கு என்ன தகுதி என்று சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவேன்.

பிறகு ஒரு நாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். இந்த வருடத்துத் தாள்கள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினேன். "நான் பயந்துட்டேம்மா. தப்பு என்னோடது. வா, சேர்ந்து திருத்தலாம்" என்றேன். சிவப்புப் பேனாவை அவளிடமே கொடுத்தேன். என்னைவிடக் கறாராகத் திருத்தினாள். மொத்தத்தில் பதினான்கு மார்க் போயிற்று. அவள் முகத்தில் எவ்வளவோ நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு. போகும்போது, "மிச்சமெல்லாம் என்னோடதுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். தலைமையாசிரியையிடமும் எல்லாவற்றையும் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். என்ன நடவடிக்கை வருமோ தெரியாது. ராஜினாமாக் கடிதத்தை மட்டும் கிழித்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் காலையிலேயே அரை மார்க் வந்தார். முகம் சிவந்து, கையில் அந்தத் தாள்களோடு. நான் ஒன்றும் வாதாடவில்லை. நீங்கள் அனுப்பிய என் விடைத்தாளையும் உங்கள் கடிதத்தையும் எடுத்து அவர் முன் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச்சீட்டுப் படிப்பதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு கேட்டார்:

"உங்க அப்பா இருக்காரா டீச்சர்?"

"இருக்காங்க."

"அவர்கூடப் பேசுறீங்களா?"

அந்தக் குரலில் சண்டை இல்லை அப்பா, பயம்தான் இருந்தது. தன் மகளை நினைத்துக் கேட்கிறார் என்று புரிந்தது. பொய் சொல்ல வரவில்லை. "இன்னும் இல்ல. இன்னிக்கு எழுதப் போறேன்" என்றேன். எழுதுங்கள் என்று சொல்லிவிட்டு, மகளின் எல்லாத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கு சார் முகவரி இப்போது வேண்டாம். என் தாளை நானே திருத்தினேன். நீங்கள் சொன்ன மூன்று கணக்கும் தப்புதான். ஆனால் ஒன்பதாவதில் முதல் படி சரியாக இருக்கிறது, அதற்கு அரை மார்க் உண்டு. அதை நீங்களும் விட்டுவிட்டீர்கள். எண்பத்தொன்றரை. பழைய மார்க்கை அடித்துவிட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

கோபம் முழுதாகப் போகவில்லை. போனதாக எழுதினால் அதுவும் கூடப் போட்ட மார்க்தான்.

தாளை இதோடு வைத்திருக்கிறேன். அதில் 'பெற்றோர் கையொப்பம்' என்ற இடம் இன்னும் காலியாகவே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

உங்கள்,
வாலு