வேலியைச் சுற்றும் முயல்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கு அனைவரும் நலம், உங்கள் பீன்ஸ் பாத்தியைத் தவிர. வாண்டு நன்றாகச் சாப்பிடுகிறாள். அவளைவிட நன்றாகச் சாப்பிடுகிற ஆள் ஒன்று உங்கள் தோட்டத்துக்கு வந்துபோகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் உங்கள் குரலைக் கேட்டால் உங்கள் மகள் பேசுவதில்லை. ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்து பார்க்கிறாள். அங்கே நீங்கள் இல்லை என்றதும் கட்டிலுக்கு அடியில் தேடுகிறாள். அப்புறம் சாப்பாடும் இல்லை, தூக்கமும் இல்லை. அதனால்தான் அண்ணன் வேலைக்குப் போன இடத்திலிருந்து மட்டும் உங்களோடு பேசுகிறான். மற்ற கதையெல்லாம் நான் எழுதுவதாக ஏற்பாடு.

முதலில் பக்கத்து வீட்டுப் பூனையைச் சந்தேகப்பட்டேன். பூனை எந்தக் காலத்தில் கேரட் தழை தின்றது என்று அண்ணன் சிரித்தான். கத்தரிக்கோலால் வெட்டியதுபோல் தண்டுகள் சாய்வாக நறுக்கப்பட்டுக் கிடந்தன. மண்ணில் மிளகு உருண்டை மாதிரி புழுக்கைகள். ஆள் யார் என்று அதில் தெரிந்துவிட்டது. முயல். அன்று மாலை நேரிலேயே பார்த்துவிட்டேன், சாம்பல் நிறம், ஒரு காதில் சிறு கிழிசல்.

மிளகாய்த் தூள் தூவினேன், மழை வந்து கழுவிவிட்டது. என் கண்ணாடிக் கடையில் உடைந்துபோன மூக்குக் கண்ணாடி வில்லைகளைக் கோத்துக் கட்டித் தொங்கவிட்டேன், வெயில் பட்டுப் பளபளத்தால் பயந்து ஓடும் என்று. அது அந்த வில்லைகளுக்கு நேர் கீழே உட்கார்ந்து நிம்மதியாகக் கீரையை மேய்ந்தது. முயலுக்குப் பார்வை தெளிவாகிவிட்டதோ என்று அண்ணன் கிண்டல் செய்கிறான்.

நீங்கள் திரும்பி வரும்போது பாத்தி நீங்கள் விட்டுப்போனபடியே இருக்க வேண்டும் அண்ணி. என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை. பயிற்சியை நன்றாக முடியுங்கள். நோயாளிகளைப் பார்க்கிற அவசரத்தில் நீங்கள் சாப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.

பாத்திக்குக் காவல் நிற்கும்,
உங்கள் நாத்தனார்

—

அன்புள்ள அண்ணிக்கு,

ஞாயிறு மாலை எழுதுகிறேன். முயலை ஜெயித்துவிட்டோம். ஜெயித்தோமா என்பதில் எனக்கு ஒரு சின்னக் குழப்பம் இருக்கிறது. முதலில் நல்ல செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

நேற்றுக் காலை அண்ணன் கம்பி வலையோடு வந்து இறங்கினான். லிஃப்ட் பழுது பார்க்கிற ஆளிடம் வேலியைக் கொடுத்தால் எப்படி இருக்கும்? ஒரு சாண் ஆழம் தோண்டி வலையைப் புதைத்தான், மூலைக்கு மூலை கயிறு பிடித்து நேர் பார்த்தான், முறுக்குக் கம்பியால் இறுக்கினான். எறும்புகூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாத்திக்குள் கால் வைக்காமல் வெளியே நின்றே முடித்துவிட்டான், உங்கள் பீன்ஸ் கொடி ஒன்றுகூட மிதிபடவில்லை.

குழப்பம் என்னவென்றால், முயல் போகவில்லை. சாலையோரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குப் பசும்புல். பசி என்றால் அதைத் தின்னலாம் அல்லவா? வாய் வைக்கவில்லை. இருட்டத் தொடங்கியதும் வந்து வலையைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது, நிற்கிறது, முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறது. விடியற்காலையில் எழுந்து பார்த்தாலும் அங்கேதான். கை தட்டினேன், சற்று விலகிப்போய் மறுபடி வந்தது. அவ்வளவு ருசியா உங்கள் பீன்ஸ்? நாங்கள் தின்றபோது அப்படி ஒன்றும் தெரியவில்லையே.

இன்னொரு விஷயம். இதை அண்ணன்தான் எழுதியிருக்க வேண்டும். "நான் எழுதினா சண்டையாயிடும், நீயே பக்குவமா எழுதிடு" என்று என் தலையில் கட்டிவிட்டான். பக்குவம் எல்லாம் எனக்கு வராது, நேராகவே எழுதுகிறேன். போன தடவை நீங்கள் வந்துபோன பிறகு வாண்டு காய்ச்சலில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். அவளுடைய டீச்சர் கூப்பிட்டுப் பேசினார். அம்மா வந்து வந்து போவதால்தான் பிள்ளைக்கு இந்தக் கஷ்டம், கொஞ்ச நாள் வராமல் இருந்தால் தானாகப் பழகிவிடும் என்றார். அதனால் இந்த மாதக் கடைசியில் நீங்கள் வர வேண்டாம் அண்ணி.

டீச்சர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். ஒரு வாரமாக வாண்டு உங்களைக் கேட்கவே இல்லை. வைத்ததைத் தின்கிறாள், படுக்கச் சொன்னால் படுக்கிறாள். எல்லோரும் சமத்து என்கிறார்கள். எனக்கும் நிம்மதியாக இருக்க வேண்டும். ஏன் இல்லை என்று தெரியவில்லை. ஊருக்கே கண் சோதித்துக் கண்ணாடி கொடுக்கிறேன், எனக்கு எதிரே இருப்பதுதான் மங்கலாகத் தெரிகிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தால் அதை அண்ணன் பேருக்கு எழுதிக்கொள்ளுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் நாத்தனார்

—

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று காலை கடைக்குப் போகும் வழியில் ஒரு கடிதம் போட்டேன். அது முதலில் வந்து சேர்ந்தால் பிரிக்காதீர்கள். பிரித்திருந்தால் மறந்துவிடுங்கள்.

இதைப் போனில் சொல்லலாம். சொன்னால் நீங்கள் "பரவாயில்லைம்மா" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். கடிதத்திடம் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

மாலையில் கடையிலிருந்து வந்ததும் வாண்டுவைத் தூக்கி வலைக்குள் இறக்கிவிட்டு நானும் ஏறிக் குதித்தேன், களை பிடுங்கலாம் என்று. பீன்ஸ் வரிசைக்கு நடுவே காய்ந்த புல் குவிந்து கிடந்தது. கையால் ஒதுக்கினால் உள்ளே சாம்பல் நிற ரோமம், கொத்துக் கொத்தாக. ஐயோ, பூனை முயலை அடித்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அந்த ரோமம் அசைந்தது.

மூன்று குட்டிகள் அண்ணி. கண் திறக்கவில்லை. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான். வயிறு ஒட்டி, தோல் சுருங்கிக் கிடந்தன. ஒன்று அசையவே இல்லை. இரண்டு நாளாக வலையைச் சுற்றி அந்த முயல் எதற்கு அலைந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. தன் வயிற்று ரோமத்தைப் பிய்த்துப் படுக்கை போட்டு வைத்துவிட்டு, இரை தேடப் போன நேரத்தில் நாங்கள் கச்சிதமாக அடைத்துவிட்டோம்.

வாண்டு என் பக்கத்தில் குந்தியிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இதுங்களோட அம்மா எங்க?" என்று கேட்டாள்.

என்னைத்தான் அண்ணி. நான் திரும்பி, பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். யாரும் இல்லை.

எனக்கு எப்படி இருந்தது என்று உங்களிடம் மறைக்கப் போவதில்லை. சந்தோஷமாக இருந்தது. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள் நான், அந்தச் சொல்லை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. நெஞ்சு நிறைந்துபோய், என்னடா கண்ணு என்று கேட்க வாய் திறந்துவிட்டேன். அந்தச் சந்தோஷம்தான் எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

அண்ணனுடைய கருவிப் பெட்டியிலிருந்து கட்டரை எடுத்து வந்து வலையை வெட்டத் தொடங்கினேன். வேலையிலிருந்து வந்தவன் பதறிப்போய், "பைத்தியமா உனக்கு?" என்று கத்தினான். குட்டிகளைக் காட்டினேன். குனிந்து பார்த்தான். பிறகு வெட்ட வாகாக மறுமுனையைப் பிடித்துக்கொண்டான். வாண்டு என்னை என்னவென்று கூப்பிட்டாள் என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

சமையலறை விளக்கை அணைத்துவிட்டு மூவரும் ஜன்னலில் நின்றோம். இருட்டியதும் முயல் வந்தது. வெட்டின இடத்தில் சந்தேகமாக முகர்ந்து பார்த்துவிட்டு உள்ளே போனது. குட்டிகள் மேல் கவிந்து நின்றது. சில நிமிடம்தான், அதற்குள் பால் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டது. போகிற போக்கில் பீன்ஸையும் ஒரு கை பார்த்துவிட்டுத்தான் போனது. இனி பாத்தி எப்படிப் பிழைக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். குட்டிகள் தாமாக ஓடும்வரை எனக்கும் தெரியாது.

டீச்சர் படித்தவர், சொல்வதற்குக் காரணம் இருக்கும். எது சரி என்று இன்னமும் எனக்கு விளங்கவில்லை. நீங்கள் வந்தால் வாண்டு அழுவாள், கிளம்பும்போது இன்னும் அழுவாள், காய்ச்சல்கூட வரலாம். வரட்டும். தூக்கி வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க நடக்க எனக்குத் தெம்பு இருக்கிறது.

ஆனால் இன்னொரு தடவை அவள் என்னை அப்படிக் கூப்பிட்டால் நான் 'ம்' என்று சொல்லிவிடுவேன் அண்ணி. அதற்குள் வந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
வாண்டுவின் அத்தை