நம் செயலி மறைத்த எண்

இன்று காலை பேருந்து பழவங்காடியில் நின்றபோது, பிள்ளையார் கோயில் வாசலில் உடைந்து கிடந்த தேங்காய்களின் வாடை ஜன்னல் வழியே வந்தது. புதிய வேலை ஒன்று இணையத்தில் ஏறும் நாளெல்லாம் நீ இங்கே இறங்கி ஒரு தேங்காய் அடித்துவிட்டுத்தான் அலுவலகம் வருவாய். இன்று பதினொரு மணிக்கு ஒரு ரத்த வங்கியின் தளத்துக்குள் நம் செயலியை ஏற்ற வேண்டியிருந்தது. நீ போன பிறகு நான் தனியாகச் செய்யும் முதல் வேலை. இறங்கலாமா என்று நினைத்தேன். எழவில்லை.

நீ போனக்காடு என்ற மலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண், நான் பாறசாலைக்காரி. மலையாளம் பேசும் அந்தச் சின்ன அலுவலகத்தில் தமிழ் பேச நம் இருவரை விட்டால் ஆளில்லை. அதனாலேயே மேசைகளை ஒட்டிப் போட்டுக்கொண்டோம். நான் எழுதுவேன், நீ சோதித்துப் பார்ப்பாய்.

ஒரு மருத்துவமனையின் வேலை நமக்கு வந்து மூன்று வருடமாகிறது. டாக்டரைப் பார்க்க முன்பதிவு செய்யும் நம் செயலியை முதலில் ஐஃப்ரேமில்தான் வைத்தோம். அவர்கள் பக்கத்தின் நடுவே ஒரு பெட்டி, அதற்குள் நம்முடையது. கணினியில் நன்றாக இருந்தது. போனில் பெட்டிக்குள் விரல் மாட்டிக்கொண்டது. ‘உறுதி செய்’ பொத்தான் அடியில் மறைந்து கிடந்தது. வயதானவர்கள் பாதியிலேயே விட்டுப் போகிறார்கள் என்று அவர்கள் குறைப்பட்டார்கள். பெட்டியே வேண்டாம், நேராக அவர்கள் பக்கத்திலேயே செயலியை விரித்துவிடலாம் என்றேன். அவர்கள் ஒரே ஒரு வரியைச் சேர்த்தால் போதும். எனக்கு அதில் பெருமை.

நீ மட்டும் முகத்தைச் சுளித்தாய். “எடி ஜெபா, பெட்டி இருந்தா நம்மளது நம்மளோட நிக்கும். இப்ப அவங்க வீட்டுக்குள்ளயே கேறிப் போறோம். அவங்க சாமானுக்கு எதாச்சும் பற்றிச்சுன்னா?”

“ஒண்ணும் பற்றாது, ஒண்ணும் ஆகாது” என்றேன்.

ஏற்றினோம். முன்பதிவு கச்சிதமாக நடந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நீ கைதட்டவில்லை. போனை வைத்துக்கொண்டு நம் செயலியை அல்ல, அவர்களுடைய பக்கத்தை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டிருந்தாய்.

“ஜெபா, ஆம்புலன்ஸ் நம்பர் எங்க?”

மேலே சிவப்புப் பட்டையில் இருந்த எண்ணைக் காணவில்லை. அந்தப் பட்டைக்கு அவர்கள் ‘நோட்டீஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தவறு நேரும்போது மட்டும் தெரிய வேண்டிய நம் எச்சரிக்கைப் பட்டைக்கு நானும் அதே பெயரை வைத்திருந்தேன். ‘தவறு நேரும்வரை நோட்டீஸை மறை’ என்று நான் எழுதியதைத் தடுக்கப் பெட்டி இல்லை. பக்கம் முழுக்கப் பரவிவிட்டது.

“சத்தம் போடாத. ரெண்டு நிமிஷத்துல சரி பண்ணிரலாம். யாருக்கும் தெரியாது” என்றேன்.

“அந்த ரெண்டு நிமிஷத்துல ஒராளுக்கு அந்த நம்பர் வேண்டி வந்தா?”

நீ காத்திருக்கவில்லை. நம் செயலியை உடனே எடுக்க வைத்தாய். எண் திரும்பி வந்தது. பிறகு நீயே மருத்துவமனைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாய். மேலாளர் அனூப் சார் தன் அறைக்கு உன்னை அழைத்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் நீ தலையாட்டுவது தெரிந்தது. அந்த வரியை எழுதியது நான் என்று உள்ளே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சோதித்தவள் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்று, அந்த மருத்துவமனையோடு பேசும் பொறுப்பு உன்னிடமிருந்து போயிற்று. நீ ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரமே என் பக்கத்தில் உட்கார்ந்து ஷேடோ டாம் என்ற முறையைத் தேடி எடுத்தாய். பெட்டி இல்லாமலே செயலியைச் சுற்றி ஒரு சுவர். அங்கே எழுதும் தோற்ற விதிகள் வெளியே போகாது, வெளியே உள்ளவை உள்ளே வராது. இருவருமாக அதைக் கட்டி முடித்தோம். சொல்லிவிட வேண்டும் என்று எத்தனையோ முறை வாயெடுத்தேன். போன மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உன்னை ஐந்தே நாளில் கொண்டுபோய்விட்டது.

இன்று அதே முறையில்தான் ஏற்றினேன். ரத்த வங்கியின் பக்கத்தை மூன்று முறை, மேலிருந்து கீழ்வரை, உன்னைப் போலவே பார்த்தேன். எதுவும் மறையவில்லை, எதுவும் இடம் மாறவில்லை. ஆனாலும் அன்று மறைந்த அந்த எண்ணே கண்ணில் நின்றது. எழுந்து அனூப் சார் அறைக்குப் போனேன்.

“சார், அந்த ஆம்புலன்ஸ் நம்பர்... அந்த வரி என்னோடது. அவளோடது இல்ல.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “தெரியும் ஜெபா. ஒவ்வொரு வரிக்கும் எழுதின ஆளோட பேர் அதுல தன்னெ உண்டல்லோ. நான் உன்னைக் கூப்பிடப் போனேன். அவதான் சொன்னா, ஜெபாகிட்ட கேக்கண்டா சார், அவளே வந்து சொல்லுவான்னு.”

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகும் இரண்டு வருடத்துக்கு மேல் பக்கத்து மேசையில் இருந்தாயே. தேநீர் குடிக்கும்போது சில நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். “என்னடி?” என்பேன். “ஒண்ணுமில்ல, நீ குடி” என்பாய். எதற்காகப் பார்த்தாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. உன்னிடம் சொல்லாமல் போனது இனி என்னோடுதான் இருக்கும். என்னிடமிருந்து அது வரும் என்று நீ நம்பியதும் கூடவே இருக்கும்.